போர்க்காலத்தில் பிரபுக்கள் சபை: எதைக் கழற்றி வைத்தார்கள், எதைத் தொடவில்லை

பேனாக்காரன், 6 ஜனவரி

ஒரு சந்தேகம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களிலும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை கூடியது என்று படித்தேன். கம்பளி மூட்டை மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பாராம், கறுப்புத் தடியோடு ஒருவர் நடப்பாராம், மசோதா நிறைவேறினால் பழைய பிரெஞ்சில் ஒரு வரி சொல்வார்களாம். யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாத ஆட்கள். எதையும் தடுக்கும் அதிகாரம் 1911லேயே போய்விட்டது. அவர்கள் மண்டபமும் 1941 குண்டுவீச்சில் அழிந்தது. அதோடு மூட்டை கட்டியிருக்கலாமே? ரப்பர் ஸ்டாம்புக்கு எதற்கு இவ்வளவு சடங்கு?

கறுப்புத்தடி, 6 ஜனவரி

அழிந்த மண்டபம் பிரபுக்களுடையது அல்ல, காமன்ஸுடையது, அதாவது தேர்தலில் வந்தவர்களின் கீழவையுடையது. தடுக்கும் அதிகாரமும் 1911இல் முழுதாகப் போகவில்லை. போர்க்காலத்தில் மட்டுமே வேலைக்கு வரும் ஒன்று மிச்சமிருந்தது, அதைத் தனியாக எழுதுகிறேன். சடங்கு என்று நீங்கள் சொல்வதில் பாதி அலங்காரம், பாதி சட்டம். சாதாரண நாளில் இரண்டும் ஒட்டியே கிடப்பதால் பிரித்துப் பார்க்க வராது. போர் வந்ததும் பிரிந்துவிட்டது.

அலங்காரம் முதலில் போயிற்று. 1939 நவம்பர் 28 கூட்டத்தொடர் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்றால் அரசர் தங்க வண்டியில் வருவார், கிரீடமும் நீள அங்கியும் அணிவார், பிரபுக்கள் சிவப்பு அங்கியில் நிறைந்திருப்பார்கள். அன்று ஆறாம் ஜார்ஜ் கடற்படைச் சீருடையில் வந்து உரையைப் படித்துவிட்டுப் போனார். கிரீடம் எங்கே என்று கேட்டால், முடியாட்சி நகைகளைப் போர்க்காலத்தில் விண்ட்சர் கோட்டையில் ஒளித்து வைத்தார்கள். அரசக் கிரீடத்தின் முக்கியமான கற்களைப் பெயர்த்தெடுத்து, பாத் ஆலிவர் பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு மண்ணுக்கடியில் புதைத்தார்கள். இது வெளியே தெரிந்ததே 2018இல்தான்.

ஆனால் உரை இருந்தது. காமன்ஸை அழைத்துவர ஆள் போவதும் இருந்தது. கூட்டத்தொடரின் காரணத்தை அரசர் அறிவிக்காமல் எந்த அவையும் அலுவலைத் தொடங்க முடியாது என்பது மரபு. கிரீடத்துக்கு அப்படியொரு வேலையும் இல்லை.

கறுப்புத்தடி, 7 ஜனவரி

ஒரே நாள் சட்டம் பற்றி.

1939 ஆகஸ்ட் 24: அவசர அதிகாரங்கள் (பாதுகாப்பு) சட்டம், இரு அவையும் அரச ஒப்புதலும் ஒரே நாளில். செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, போர் அறிவித்த அன்றே ராணுவச் சேவைச் சட்டம். 1940 மே 22: ஆளையும் சொத்தையும் முழுதாக அரசின் கையில் கொடுக்கிற இரண்டாவது அவசர அதிகாரச் சட்டம், அதுவும் அன்றே. இதைப் பார்த்துத்தான் ரப்பர் ஸ்டாம்ப் என்கிறார்கள். அந்த நாளுக்குள் பிரபுக்கள் சபையில் என்னென்ன நடந்தாக வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

காமன்ஸ் எழுத்தர் செய்தியோடு மசோதாவைக் கொண்டுவந்து கொடுப்பார். முதல் வாசிப்பு பேச்சில்லாமல் முடியும். இங்கேதான் முட்டுக்கட்டை. அவர்களுடைய அன்றைய 39ஆம் நிலையாணைப்படி (அவையின் நிரந்தர விதி) ஒரே நாளில் ஒரு மசோதாவின் இரண்டு கட்டங்களை எடுக்கக் கூடாது. போர் என்பதால் அது தானாகத் தூங்கிவிடாது. அமைச்சர் எழுந்து, "39ஆம் நிலையாணையை விலக்கிவைக்கும் பொருட்டு அதைப் பரிசீலிக்க வேண்டும்" என்று முறைப்படி பிரேரிக்க வேண்டும், அவை சம்மதிக்க வேண்டும். அந்தக் காலத்து ஹன்சார்டில் (அவைப் பேச்சுப் பதிவு) இந்த வரி திரும்பத் திரும்ப வரும். அப்படி விலக்குவது அந்த ஒரு மசோதாவுக்கு மட்டும். அடுத்த மசோதாவுக்கு மறுபடி எழுந்து கேட்க வேண்டும்.

பிறகு இரண்டாம் வாசிப்பு. அவைக்குத் தலைமை தாங்கும் லார்ட் சான்சலர் கேள்வியை வைப்பார். ஆதரிப்பவர் "கன்டென்ட்", எதிர்ப்பவர் "நாட் கன்டென்ட்". அடுத்தது குழுக்கட்டம். முழு அவையே குழுவாக மாறும். லார்ட் சான்சலர் கம்பளி இருக்கையை விட்டு இறங்குவார், குழுக்களின் தலைவர் மேசையருகே உட்காருவார், பிரிவு பிரிவாகப் போகும். அவசரமென்றால் குறுக்குவழி உண்டு: அவை குழுவாக மாறட்டும் என்ற பிரேரணையை அவையே தோற்கடித்துவிடும். "குழு மறுக்கப்பட்டது" என்று பதிவாகும், நேரே மூன்றாம் வாசிப்பு. முதல்முறை படிக்கிறவர்கள் மசோதா தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் திருத்தம் தரப்போவதில்லை என்று தெரிந்தால் மட்டும்தான் இதைச் செய்வார்கள்.

திருத்தம் வந்தால்தான் சிக்கல். பிரபுக்கள் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் மசோதா காமன்ஸுக்குத் திரும்பிப் போக வேண்டும், அவர்கள் ஒப்புக்கொண்ட செய்தி திரும்பி வர வேண்டும். அதுவரை அந்த அவையையும் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும். குறை இருக்கிறது என்று தெரிந்தும், "இப்போது விடுங்கள், அடுத்த மசோதாவில் சரி செய்கிறோம்" என்று அமைச்சர்கள் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

கடைசியில் அரச ஒப்புதல். அரசர் நேரில் வர வேண்டியதில்லை. முத்திரையிட்ட ஆணைப்பத்திரத்தில் கையெழுத்திட்டு, தன் சார்பில் பிரபுக்களை நியமிப்பார். அவர்களில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். இந்த வழியைக் கண்டுபிடித்தது எட்டாம் ஹென்றி காலத்தில், 1541இல். மனைவி கேத்தரின் ஹோவர்டின் தலையை வாங்கும் மசோதாவுக்கு அவர் நேரில் உட்கார்ந்து அந்த விவரத்தையெல்லாம் கேட்க வேண்டாம் என்பதற்காக. மனைவியை வெட்ட வெட்டிய பாதை நானூறு வருஷம் கழித்து ஹிட்லருக்கு எதிராக உதவியது.

பத்திரத்தில் மசோதாக்களின் தலைப்பு இருக்க வேண்டும். ஆகவே மசோதா கையில் வந்தபிறகு பத்திரம் தயாராகி, அரசரிடம் போய்க் கையெழுத்தாகி வரவேண்டும். அதுவரை அவையை முடிக்காமல் "விருப்பமுள்ள வரை ஒத்திவைப்பு" என்று நிறுத்தி வைப்பார்கள். பத்திரம் வந்ததும் கறுப்புத் தடி ஏந்திய அதிகாரியான பிளாக் ராட் போய் காமன்ஸை அழைப்பார். சபாநாயகரும் சில உறுப்பினர்களும் வந்து வாசலில் தடுப்புக்கு வெளியே நிற்பார்கள். பத்திரம் படிக்கப்படும், கிரீட எழுத்தர் மசோதாவின் தலைப்பைப் படிப்பார், நாடாளுமன்ற எழுத்தர் "ல ருவா ல வெல்" (அரசர் விரும்புகிறார்) என்பார். அந்த வரி சொல்லப்படும் வரை அது மசோதா. சொன்ன பிறகு சட்டம். பிஸ்கட் டப்பாவுக்குள் போகாத சடங்கு எது என்று கேட்டால் இதைக் காட்டுவேன்.

பேனாக்காரன், 7 ஜனவரி

சரி, ஆனால் இதற்கெல்லாம் ஆள் வேண்டுமே. பாதிப் பேர் போர்முனையில், மீதிப் பேர் கிராமத்து மாளிகையில். கோரம் எத்தனை?

கறுப்புத்தடி, 7 ஜனவரி

மூன்று. லார்ட் சான்சலரையும் சேர்த்து. ஆனால் மசோதா மேல் வாக்கெடுப்பு நடந்து முப்பது பேருக்குக் குறைவாக வாக்களித்தால் அது தீர்மானமாகாமல் தள்ளிப்போகும். எனவே பத்துப் பேர் இருக்கும் அவையில் ஒருவர் பிடிவாதமாக வாக்கெடுப்புக் கேட்டால் அன்றைய வேலை நின்றுவிடும். கேட்கவில்லை. கூட்டணி ஆட்சி, மூன்று கட்சியும் உள்ளே. வாய்க்குரலிலேயே முடிந்தது.

சட்டக்கிறுக்கன், 8 ஜனவரி

ஹாலிஃபாக்ஸ் ஒரு பிரபு என்பதால்தான் 1940 மே மாதம் பிரதமராகவில்லை என்பார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கறுப்புத்தடி, 8 ஜனவரி

உண்டு, நம் ஊர்க்காரர்களுக்கு இது உடனே பிடிபடாது. இந்தியாவில் அமைச்சர் எந்த அவையிலும் போய்ப் பேசலாம், அரசியல் சாசனத்தின் 88ஆவது பிரிவு. அங்கே அப்படியில்லை. பிரபுவாக இருக்கும் அமைச்சர் காமன்ஸில் வாய் திறக்க முடியாது. ஹாலிஃபாக்ஸ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது பிரபுக்கள் சபையில் அவர் பேசினார், காமன்ஸில் துணை அமைச்சர் பட்லர் பதில் சொன்னார். உணவு அமைச்சர் உல்டன் பிரபு. ரேஷன் கேள்வி காமன்ஸில் வந்தால் அவருடைய நாடாளுமன்றச் செயலர்தான் எழுந்தார். பிரதமரையே அப்படி இன்னொருவர் வழியாக ஓட்ட முடியாது என்பதை ஹாலிஃபாக்ஸ் புரிந்துவைத்திருந்தார். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்.

மறுபக்கம், தேர்தலே இல்லாத காலத்தில் வெளியிலிருந்து கெட்டிக்காரர்களை அமைச்சரவைக்குள் கொண்டுவர மேலவை பின்வாசலாக உதவியது. உல்டன் கடை நிர்வாகி, போக்குவரத்தைப் பார்த்த லெதர்ஸ் கப்பல், நிலக்கரித் தொழில்காரர். காமன்ஸுக்குப் போவதென்றால் இடைத்தேர்தல் வேண்டும். இங்கே ஒரு பட்டப்பத்திரம் போதும்.

கறுப்புத்தடி, 10 ஜனவரி

மண்டபக் கதை. இதில் தப்பான தகவல் நிறைய உலவுவதால் கொஞ்சம் விரிவாகவே.

வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை மேல் போர்க்காலத்தில் பதினான்கு தடவை குண்டு விழுந்தது. 1940 செப்டம்பரில் வெளி முற்றத்தில் விழுந்த குண்டு அங்கே குதிரை மேல் நிற்கும் சிங்க இதய ரிச்சர்ட் சிலையின் வாளை வளைத்தது. அதன் பிறகு இரு அவைகளும் பக்கத்திலிருந்த சர்ச் ஹவுஸ் கட்டடத்திலும் கூட்டம் நடத்த ஆரம்பித்தன. திருச்சபையின் நிர்வாகக் கட்டடம், புதிதாகக் கட்டியது, உறுதியானது. காமன்ஸ் ஹோர் நினைவு மண்டபத்தில், பிரபுக்கள் கான்வொகேஷன் மண்டபத்தில்.

1941 மே 10 இரவுதான் பெரிய அடி. காமன்ஸ் மண்டபமும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் கூரையும் ஒரே நேரத்தில் எரிந்தன. இரண்டையும் காப்பாற்றத் தண்ணீர் இல்லை. ஹாலின் மரக்கூரை பதினான்காம் நூற்றாண்டினது, காமன்ஸ் மண்டபம் 1852இல் கட்டியது. வால்டர் எலியட் என்ற உறுப்பினர் ஹாலைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லி, கோடரியால் கதவை உடைத்துக் குழாயை உள்ளே விடவைத்தார். ஹால் தப்பியது, காமன்ஸ் தரைமட்டம். அரண்மனையில் அன்றிரவு மூன்று பேர் இறந்தார்கள்.

பிரபுக்கள் மண்டபத்திலும் ஒரு குண்டு விழுந்தது. தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போனது, வெடிக்கவில்லை.

வீடிழந்த காமன்ஸுக்குப் பிரபுக்கள் தங்கள் மண்டபத்தைக் கொடுத்துவிட்டு, தெற்குக் கோடியிலுள்ள அரசரின் உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். கூட்டத்தொடர் தொடக்க நாளில் அரசர் அங்கியும் கிரீடமும் அணிந்துகொள்ளும் அறை அது, அவை கூடக் கட்டியதல்ல. சுவரில் வில்லியம் டைஸ் தீட்டிய ஆர்தர் மன்னர் கதை ஓவியங்கள்: விருந்தோம்பல், ஈகை, கருணை, பக்தி, பண்பு என்று ஐந்து குணங்கள். டைஸ் 1864இல் இறந்துபோனதால் திட்டமிட்டது முழுதாக முடியவில்லை. ஜெர்மன் நகரங்கள் மேல் குண்டு போடுவது சரியா என்ற விவாதம் கருணை ஓவியத்துக்குப் பக்கத்தில்தான் நடந்தது. யாரும் வேண்டுமென்று ஏற்பாடு செய்ததல்ல.

காமன்ஸ் 1941 ஜூன் முதல் 1950 அக்டோபர் வரை பிரபுக்கள் மண்டபத்திலேயே இருந்தது. அதன்பின் அந்த மண்டபத்தைச் செப்பனிட வேண்டியிருந்ததால் பிரபுக்கள் திரும்பியது 1951 மே மாதம். பத்து வருஷம் உடைமாற்றும் அறையில். ஆகவே போர்க்காலத்தில் சர்ச்சில் இந்த இடத்தில் நின்று பேசினார் என்று யாராவது எழுதினால் தேதியைப் பாருங்கள். 1941 ஜூனுக்குப் பிறகு என்றால் அவர் பெரும்பாலும் நின்றது பிரபுக்களின் மண்டபத்தில்.

சட்டக்கிறுக்கன், 10 ஜனவரி

அப்படியானால் பிளாக் ராட் பிரபுக்கள் சபைக் கதவையே தட்டி உள்ளே போய் காமன்ஸைக் கூப்பிட்டாரா? தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிய மாதிரி.

கறுப்புத்தடி, 10 ஜனவரி

ஆமாம். போர்க்காலத்துப் பிளாக் ராட் வரிசையும் வேடிக்கை. புல்டனி, தரைப்படை ஜெனரல், 1941 மே மாதமே இறந்தார். அடுத்து மிட்செல், விமானப்படையிலிருந்து இந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள், 1944இல் பதவியிலேயே காலமானார். 1945இல் பிளேக், கடற்படை. முப்படையும் வரிசையில் வந்துபோயின.

கறுப்புத்தடி, 14 ஜனவரி

ரப்பர் ஸ்டாம்ப் விஷயத்துக்கு வருகிறேன்.

1911 நாடாளுமன்றச் சட்டம் பிரபுக்களிடமிருந்து பண மசோதாவை எடுத்துக்கொண்டது. மற்ற மசோதாக்களைத் தாமதப்படுத்தலாம், கொல்ல முடியாது என்று ஆக்கியது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு: நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்து ஆண்டுக்கு மேல் நீட்டும் மசோதாவுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அதாவது அங்கே பிரபுக்கள் "முடியாது" என்றால் முடியாதுதான். காமன்ஸ் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டு போகாமல் இருக்க வைத்த பூட்டு. சாவி தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் கையில்.

சாதாரண காலத்தில் யாரும் ஆயுளை நீட்டக் கேட்பதில்லை. கேட்பது போர்க்காலத்தில். முதல் போரில் 1911 ஜனவரியில் கூடிய நாடாளுமன்றம் 1918 நவம்பர் வரை ஓடியது. ஒரேயடியாக அல்ல, ஐந்து தடவை சட்டம் போட்டு நீட்டினார்கள். இரண்டாம் போரில் 1935 நவம்பர் 26இல் கூடிய நாடாளுமன்றம் 1940 நவம்பரில் முடிந்திருக்க வேண்டும். 1940இல் ஐந்தை ஆறாக்கினார்கள், 1941இல் ஏழு, 1942இல் எட்டு, 1943இல் ஒன்பது, 1944இல் பத்து. ஒவ்வொரு வருஷமும் தனிச் சட்டம், ஒவ்வொன்றுக்கும் பிரபுக்களின் சம்மதம். 1945 ஜூன் 15 கலைப்பு.

"போர் முடியும் வரை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரே சட்டத்தில் முடிந்திருக்கும். எழுதவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கையேந்தி நிற்கும்படி வைத்துக்கொண்டார்கள். பிரபுக்கள் ஒருமுறைகூட மறுக்கவில்லை என்பதை வைத்து அது வெறும் சடங்கு என்று வாதிடலாம். எனக்கு ஒப்புதல் இல்லை. பூட்டு இருப்பதால்தான் கேட்கிறவன் ஒரு வருஷத்துக்கு மட்டும் கேட்கிறான்.

மெட்ராஸ்வாசி, 15 ஜனவரி

ராஜ்ய சபாவுக்கு இப்படி ஒரு பூட்டு இருக்கிறதா? 1976இல் லோக் சபாவை நீட்டினார்களே.

கறுப்புத்தடி, 15 ஜனவரி

இருக்கிறது, ஆனால் தளர்ந்த பூட்டு. 83(2): அவசரநிலை நடப்பில் இருக்கும்போது நாடாளுமன்றம் சட்டம் போட்டு லோக் சபாவை ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேற்படாமல் நீட்டலாம். வருஷாவருஷம் என்ற பிரிட்டிஷ் போர்க்கால வழக்கம் நம்மிடம் அரசியல் சாசனத்திலேயே ஏறிவிட்டது. ஆனால் அது சாதாரண மசோதா. ராஜ்ய சபா மறுத்தால் 108இன்படி கூட்டு அமர்வு கூட்டலாம், அங்கே தலை எண்ணிக்கையில் லோக் சபா ஜெயிக்கும். பிரபுக்கள் சபையை அப்படி மீற வழி கிடையாது. தேர்ந்தெடுக்கப்படாத அவைக்கு இருந்த பலம் நம்முடைய அவைக்கு இல்லை என்பது கொஞ்சம் கசப்பான உண்மை.

ராஜ்ய சபாவின் நிஜமான போர்க்கால வேலை வேறு. லோக் சபா கலைந்து கிடக்கும் நேரத்தில் அவசரநிலை அறிவித்தால் அதை அங்கீகரிக்க இருக்கும் ஒரே அவை அதுதான், 352. மூன்றில் ஒரு பங்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓய்வுபெறுமே தவிர, அது கலைவதே இல்லை.

உங்கள் பெயரைப் பார்த்ததும் இன்னொன்று. மெட்ராஸ் மாகாணச் சட்டமன்றத்துக்கு 1937இல் தேர்தல் நடந்தது. 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியதும் கவர்னர் ஆட்சி. அடுத்த தேர்தல் 1946. இடைவெளியில் தேர்தலைத் தள்ளிப்போட்ட சட்டம் வெஸ்ட்மின்ஸ்டரில் போட்டது: 1941ஆம் ஆண்டின் இந்தியா, பர்மா தேர்தல் ஒத்திவைப்புச் சட்டம். தங்கள் தேர்தலை ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிக்கொண்டிருந்த அதே இரு அவைகள் நம்முடையதையும் தள்ளின. நம்மிடம் யாரும் கேட்கவில்லை.

மெட்ராஸ்வாசி, 15 ஜனவரி

கேட்டிருந்தால்தான் அதிசயம்.

கறுப்புத்தடி, 19 ஜனவரி

ரகசிய அமர்வு பற்றித் தனிமடலில் கேட்டிருந்தார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

பிரபுக்கள் சபையில் ஒழுங்கு காக்க யாரும் இல்லை. அன்று லார்ட் சான்சலர் தலைமை தாங்கினார் என்றாலும் (2006 முதல் அந்த வேலை லார்ட் ஸ்பீக்கருடையது) யாரையும் "உட்காருங்கள்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, முடிவுசெய்யும் கூடுதல் வாக்கும் கிடையாது. அவருடைய கம்பளி இருக்கை சட்டப்படி அவைக்கு வெளியே இருப்பதாகக் கணக்கு. அவரே பேச வேண்டுமென்றால் எழுந்து இடதுபக்கம் நகர்ந்து நின்று பேசுவார். பேசுகிறவர்கள் "மை லார்ட்ஸ்" என்று அவையை விளிப்பார்களே தவிர அவரை அல்ல. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் யார் பேசுவது என்பதை அவையே கூவி முடிவுசெய்யும்.

இப்போது போர்க்காலத்துக்கு வாருங்கள். ஒரு கிழட்டு அட்மிரல் பிரபு எழுந்து கப்பல் கான்வாய் எந்த வழியில் போகிறது என்று விளக்க ஆரம்பித்தால்? அவையில் பேசியதற்காக நீதிமன்றம் அவரைத் தொட முடியாது. சபாநாயகர் இல்லை. இருக்கும் கருவி இரண்டு. ஒன்று, "மாண்புமிகு பிரபு இனிக் கேட்கப்படக் கூடாது" என்று யாராவது பிரேரிப்பது. அது கடுமையான அவமானம் என்பதால் அபூர்வமாகத்தான் கையிலெடுப்பார்கள். மற்றது, வெளியாட்களை அனுப்பிவிட்டு ரகசிய அமர்வுக்குப் போவது. பத்திரிகையாளர், பார்வையாளர், ஹன்சார்ட் எழுதுகிறவர் எல்லாரும் வெளியே. உள்ளே நடந்ததை வெளியிடுவது பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி குற்றம்.

போர் முடிந்தபின், 1945 டிசம்பரில், காமன்ஸ் ஒரு தீர்மானம் போட்டுத் தன் ரகசிய அமர்வுகளின் பூட்டைத் திறந்தது. திறந்து என்ன, குறிப்பெடுக்க ஆளில்லாமல் நடந்ததால் உள்ளே காகிதமே இல்லை. பேசியவர்கள் கையில் வைத்திருந்த சொந்தக் குறிப்புகள்தான் மிச்சம்.

அடுத்தது நேர் எதிரான விஷயம்: வெளிப்படையாகவே அரசை எதிர்த்துப் பேச அந்த அவையில் இருந்த வசதி. 1944 பிப்ரவரி 9. சிசெஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் எழுந்து, எதிரி நாட்டு நகரங்கள் மேல் குண்டுவீசும் கொள்கை என்ன, குடிமக்கள் சாவது பற்றி அரசு என்ன சொல்கிறது என்று கேட்டார். கடைசியில் "ஆவணங்களுக்காகப் பிரேரிக்கிறேன்" என்று முடித்தார். ஆவணம் எதுவும் அவருக்கு வேண்டாம். அன்றைய முறைப்படி நட்சத்திரமிட்ட கேள்வி கேட்டால் விவாதம் கிடையாது. நட்சத்திரமில்லாத கேள்வியானால் விவாதம் உண்டு, கேட்டவர் மறுபடி பேச முடியாது. ஆவணப் பிரேரணை போட்டால் அமைச்சர் பதிலுக்குப் பிறகு பதிலுரை தரும் உரிமை வரும். பேசிவிட்டுக் கடைசியில் "அனுமதியோடு திரும்பப் பெறுகிறேன்" என்பார்கள். வாக்கெடுப்பு இல்லை, அரசுக்குத் தோல்வியில்லை, ஆனால் எல்லாம் ஹன்சார்டில் ஏறிவிடும். அரசுத் தரப்பில் கிரான்போர்ன் பதில் சொன்னார். யூதர்களைக் காப்பாற்ற அரசு உடனே செயல்பட வேண்டும் என்று கான்டர்பரி பேராயர் டெம்பிள் 1943 மார்ச் 23இல் பேசியதும் இதே அவையில்தான்.

பிஷப்புக்குத் தொகுதி இல்லை, மகன்களைப் போருக்கு அனுப்பிய வாக்காளர்கள் இல்லை, அடுத்த தேர்தல் பயம் இல்லை. பேனாக்காரன், "யாரும் ஓட்டுப் போடாத ஆட்கள்" என்ற உங்கள் வாதம் இங்கே தலைகீழாக நிற்கிறது. எப்போதும் அப்படி நிற்கும் என்று சொல்லவில்லை.

பேனாக்காரன், 20 ஜனவரி

அந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மீதியை இல்லை. வாரிசு முறையில் உட்காருகிறவர்கள் போரில் செத்தால்? அடுத்த ஆளுக்கும் குண்டுச் சத்தத்துக்கு நடுவே அங்கி, தொப்பி, ஊர்வலமா?

கறுப்புத்தடி, 20 ஜனவரி

அந்தக் காலத்தில் வாரிசுக்கு ஊர்வலமே கிடையாது (1999க்குப் பிறகு வாரிசு என்பதால் மட்டும் இடம் கிடைப்பதில்லை). அங்கி, இரண்டு துணைப் பிரபுக்கள், பட்டயத் தலைமை அதிகாரி கார்ட்டர், மூன்று தடவை தொப்பி எடுப்பது எல்லாம் புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு. வாரிசாக வருகிறவர் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களைக் கொடுத்து உரிமையை நிரூபித்து, அழைப்பாணை வாங்கி, சாதாரண உடையில் மேசைக்கு வந்து உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டால் முடிந்தது. வயது இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும்.

சான்றிதழ்தான் தலைவலி. திருமணம் செல்லுமா என்ற ஒரு கேள்வி சின்ஹா குடும்பத்தை வருஷக்கணக்கில் அலைக்கழித்தது. ராய்ப்பூர் சின்ஹா பிரபு, பிரபுக்கள் சபைக்குப் போன முதல் இந்தியர், 1928இல் இறந்தார். இந்து முறைத் திருமணம் பலதார மணத்துக்கு இடம் தருவதாயிற்றே, அதில் பிறந்தவர் வாரிசாக முடியுமா என்று இழுத்து, 1939இல்தான் மகனுக்கு உரிமை உறுதியானது.

போர்க்காலத்து விசித்திரம் ஸ்டாம்ப் பிரபு. 1941 ஏப்ரல் 16 குண்டுவீச்சில் அவரும் மனைவியும் மூத்த மகன் வில்ஃப்ரெடும் ஒரே வீட்டில் இறந்தார்கள். யார் முதலில் இறந்தார் என்று தெரியவில்லை. 1925 சொத்துச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, தெரியாவிட்டால் வயதில் மூத்தவர் முதலில் இறந்ததாகக் கொள் என்கிறது. ஆக வில்ஃப்ரெட் ஒரு கணம் இரண்டாவது ஸ்டாம்ப் பிரபு, அடுத்த கணம் அவரும் இல்லை, தம்பி டிரெவர் மூன்றாவது. குடும்பம் இறப்பு வரியை இரண்டு தடவை கட்ட நேர்ந்தது.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனை உள்ளே கொண்டுவரவும் வழி இருந்தது. மேலே சொன்ன கிரான்போர்ன், சாலிஸ்பரி பிரபுவின் மகன், காமன்ஸ் உறுப்பினர். அரசுக்கு அவர் மேலவையில் தேவைப்பட்டதால், தந்தையின் கீழ்ப்பட்டங்களில் ஒன்றான எஸ்ஸென்டன் செசில் என்ற பெயரில் 1941 ஜனவரியில் முன்கூட்டியே அழைப்பாணை கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அந்த அவையில் அரசுத் தரப்பின் தலைவராகிவிட்டார்.

சட்டக்கிறுக்கன், 26 ஜனவரி

லிவர்சிட்ஜ் வழக்கைத் தொடாமல் போகிறீர்களே.

கறுப்புத்தடி, 26 ஜனவரி

அது சட்டப் பிரபுக்கள், அதாவது நீதிபதிகளாக இருந்த பிரபுக்கள், கணக்கு என்று விட்டேன், ஆனால் அந்தக் காலத்தில் அதுவும் அவை நடவடிக்கைதான். மேல்முறையீட்டை விசாரிப்பது அவையே. தீர்ப்பு என்று தனியாக இல்லை, ஒவ்வொருவரும் எழுந்து உரை நிகழ்த்துவார்கள், பிறகு மேல்முறையீட்டைத் தள்ளுவதா என்று கேள்வி வைத்து வாக்கு. சட்டம் படிக்காத பிரபுக்கள் அதில் வாக்களிப்பதில்லை என்ற வழக்கம் 1844இல் ஓகானல் வழக்கோடு உறைந்துவிட்டது.

1941 நவம்பர் 3. 18பி ஒழுங்குவிதியில் ஒருவரை விசாரணையின்றி அடைத்த உள்துறை அமைச்சர், காரணம் காட்ட வேண்டுமா? நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். அட்கின் ஒருவர் மட்டும் மறுத்து, ஆயுதங்களின் ஓசைக்கு நடுவிலும் சட்டங்கள் மௌனமாக இருப்பதில்லை என்றார். அவர் உரையில் மற்ற நீதிபதிகளைக் கிண்டலடித்த ஒரு பகுதியை எடுத்துவிடும்படி லார்ட் சான்சலர் சைமன் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டார். அட்கின் எடுக்கவில்லை. தொடர்ந்து மாம் பிரபு பத்திரிகைக்கே கடிதம் எழுதி அட்கினைச் சாடினார். போர் நடந்துகொண்டிருக்க, நீதிபதிகளுக்குள் இந்தச் சண்டை.

இதற்கும் குண்டுக்கும் ஒரு தொடர்பு பின்னால் வந்தது. காமன்ஸ் மண்டபத்தைத் திரும்பக் கட்டும்போது எழுந்த இரைச்சலில் வழக்கறிஞர் வாதம் காதில் விழவில்லை. 1948இல் சட்டப் பிரபுக்கள் தற்காலிகமாக மாடியிலிருந்த ஒரு குழு அறைக்கு மாறி, அங்கே மேல்முறையீட்டுக் குழுவாக உட்கார்ந்தார்கள். இரைச்சல் நின்ற பிறகும் திரும்பவில்லை. 2009இல் தனி உச்ச நீதிமன்றம் வரும் வரை அந்த ஏற்பாடுதான்.

மெட்ராஸ்வாசி, 1 பிப்ரவரி

எதிரிப் பக்கம் நின்ற பிரபுக்கள் யாராவது உண்டா? அவர்களுக்கும் அழைப்பாணை போகுமா?

கறுப்புத்தடி, 2 பிப்ரவரி

முதல் போரில் உண்டு. விக்டோரியாவின் வழித்தோன்றல்களே ஜெர்மன் பக்கம் இருந்தார்கள். பிரபுப் பட்டத்தை அரசர் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது, சட்டம் வேண்டும். 1917 நவம்பரில் பட்டப் பறிப்புச் சட்டம். நடைமுறை: அரசர் தனிக்குழு ஒன்றை அமைப்பார், அரசருக்கோ நேச நாடுகளுக்கோ எதிராக ஆயுதம் ஏந்தியவர், எதிரியோடு சேர்ந்தவர் யார் என்று அது விசாரிக்கும், அறிக்கை இரு அவைகளின் முன் இருபத்தெட்டு நாள் கிடக்கும், எந்த அவையும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அரசர் ஆணையிட்டுப் பெயரை நீக்குவார். போர் முடிந்த பிறகு, 1919 மார்ச் 28இல்தான் ஆணை வந்தது. ஆல்பனி டியூக், கம்பர்லாந்து டியூக், ஆஸ்திரியாவிலிருந்த டாஃப் விஸ்கவுண்ட் ஆகியோர் பிரபுப் பட்டம் இழந்தார்கள். பிரன்ஸ்விக் டியூக்குக்கு இளவரசர் பட்டம் போயிற்று.

பட்டம் அழிவதில்லை, தொங்கிக்கொண்டிருக்கும். பறிக்கப்பட்டவரின் வாரிசு அரசருக்கு மனுப்போட்டு, தனிக்குழு திருப்தியடைந்தால் திரும்பப் பெறலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. இரண்டாம் போருக்குப் புதுச் சட்டம் போடவில்லை.